சேற்றுக்குள் இருக்கும் கணக்கு

ஆயர் தாவாரிலிருந்து பந்தாய் ரெமிஸ் சாலையில் வடக்கே போனால் இரு பக்கமும் செம்பனைதான். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வட்டாரத்தில் கித்தா மரம் நின்றது. நம் பாட்டன்களும் பாட்டிகளும் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரை பிடித்துப் பால் வெட்டிய காடு. பந்தாய் ரெமிஸையும் கடந்து பாகான் பாஞ்சோர் மீனவர் கிராமத்தை எட்டும்போது செம்பனை பின்தங்கிவிடுகிறது. சேறும் பாக்காவ் மரமும் தொடங்குகின்றன. அங்கிருந்து வடக்கே கோலா கூலா வரை, கடலோரமாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, 40,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருப்பது மாத்தாங் அலையாத்திக் காடு.

படகில் போகிறவர்களுக்கு அது மனிதன் கை படாத காடு போலத் தெரியும். ஆற்றின் இரு கரையிலும் பின்னிக் கிடக்கும் தாங்கு வேர்கள், தலைக்கு மேல் பச்சைக் கூரை, எங்கோ ஒரு மீன்கொத்தி. மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். காடு முழுக்கத் துண்டு துண்டாகப் பல பச்சைகள். ஒன்று நேற்று வெட்டிய மொட்டை நிலம், அடுத்தது இடுப்பளவு நாற்று, அதற்கடுத்தது பதினைந்து வயது இளமரம், அப்பால் வெட்டுக்குக் காத்திருக்கும் முப்பது வயது மரம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெட்டி, நட்டு, மறுபடி வெட்டி, மறுபடி நட்டு வருகிற காடு இது. காட்டைச் சிதைக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று கற்க உலகின் பல நாடுகளிலிருந்து வன அதிகாரிகள் இங்கே வருகிறார்கள்.

காடுகளைக் கரிமக் கிடங்காகப் பார்க்கும் காலம் இது. மரத்தை வெட்டினால் கரிமம் காற்றில் போய்விடும், வெட்டாமல் விட்டால் பத்திரமாக இருக்கும் என்பதுதான் நம்மில் பலருக்கும் தெரிந்த பாடம். மாத்தாங்கைப் பார்த்தபின் அந்தப் பாடம் பாதிதான் என்று படுகிறது. வெட்டும் காட்டில் கரிமம் மூன்று இடங்களில் இருக்கிறது: நிற்கும் மரத்தில், வெளியே போன மரத்தில், காலடிச் சேற்றில். மூன்றும் மூன்று வேகத்தில் ஓடுகின்றன. நாம் பேசுவதெல்லாம் முதலாவதைப் பற்றி. உண்மையான இருப்போ மூன்றாவதில்.

காட்டின் கதை ஈயத்தோடு தொடங்குகிறது. லாருட்டிலும் தைப்பிங்கிலும் ஈயச் சுரங்கங்கள் பெருகியபோது நீர் இறைக்கும் இயந்திரங்களுக்கும் உருக்கு உலைகளுக்கும் விறகும் கரியும் வேண்டியிருந்தன. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885இல் மலாயாவின் முதல் ரயில் பாதை போடப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையின் தொழிலாளர்கள் போட்ட பாதை அது. போர்ட் வெல்டுக்கு இன்றைய பெயர் கோலா செபெத்தாங். ரயில் போய்விட்டது, தண்டவாளமும் போய்விட்டது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெரு நடுவே நிற்கிறது, ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில். அந்தத் தமிழ் எழுத்துகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள், தெருக்கோடியில் தொடங்கும் காட்டையும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

விறகுத் தேவை கட்டுமீறியதால்தான் பாதுகாப்பும் வந்தது. கேட்பாரின்றி வெட்டினால் சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சாது என்பது அன்றைய பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு விளங்கியது. 1902 முதல் மாத்தாங் காப்புக்காடாக நிர்வகிக்கப்பட்டு வருகிறது. நோக்கம் இயற்கைப் பாசம் இல்லை, விறகு தீராமல் கிடைக்க வேண்டும் என்பதே. ஆனாலும் அந்தக் கணக்குப் புத்தி காட்டைக் காப்பாற்றியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை வேலைத்திட்டம் எழுதி, எந்தப் பகுதியை எந்த ஆண்டு வெட்டுவது என்று வரைபடத்தில் குறித்துவிடுகிறார்கள். 1950இல் தொடங்கிய முப்பதாண்டுச் சுற்று 1979இல் முடிந்தது. இரண்டாம் சுற்று 1980 முதல் 2009 வரை. இப்போது நடப்பது மூன்றாவது. சுதந்திரம், அவசர காலம், ஈய விலை வீழ்ச்சி, தோட்டத் துண்டாடல் என நாடு எத்தனையோ புரட்டல்களைக் கண்ட காலம் முழுக்க இந்த அட்டவணை மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு துண்டு நிலத்தின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்ப்போம். முப்பது வயதில் மரம் முழுதாக வெட்டப்படுகிறது. ஆற்றோரமாக ஒரு வரிசையை மட்டும் கரை சரியாமல் இருக்க விட்டுவைப்பார்கள். வெட்டிய இடத்தில் கிளையும் கழிவும் குவிந்து கிடக்கும். அவை மட்கட்டும் என்று ஓரிரு ஆண்டு விடுவார்கள். அந்த இடைவெளியில் பியாய் என்னும் சேற்றுப் பெரணி புகுந்து ஆளுயரம் வளர்ந்து, நாற்றுகளை மூச்சுத் திணற வைக்கும். அதை அகற்றியாக வேண்டும். பிறகு நடவு. பாக்காவ் ஒரு விசித்திரமான மரம். அதன் விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கி, பின்னர்தான் விழுகிறது. அந்தக் குச்சிகளைச் சேகரித்து நாலடி இடைவெளியில் சேற்றில் குத்தி வைக்கிறார்கள். நண்டும் குரங்கும் கடித்தது போக மிஞ்சுவது வளரும். தானாக விழுந்து முளைத்தது போதுமான அளவு இருந்தால் நடவே தேவையில்லை.

பதினைந்தாம் ஆண்டில் முதல் கழிப்பு. 1.2 மீட்டர் நீளக் கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். நேரான, நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதில் கோலின் முனையை வைத்துச் சுற்றி, கோல் எட்டும் தூரத்தில் உள்ள மற்ற மரங்களை வெட்டிவிடுவார்கள். இருபதாம் ஆண்டில் இதே வேலை 1.8 மீட்டர்க் கோலோடு. கருவி அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிசகாமல் செய்யக்கூடிய முறை, அதனால்தான் அது தலைமுறை தாண்டி நின்றது என்று நினைக்கிறேன். கழித்த மரங்கள் கழிகளாகப் போகின்றன, மீன்பிடிப் பந்தலுக்கும் கட்டட அடித்தளத்துக்கும். மிஞ்சிய மரங்களுக்கு வெளிச்சமும் இடமும் கிடைத்து, முப்பது வயதுக்குள் தடித்துவிடுகின்றன.

வெட்டிய மரம் சூளைக்குப் போகிறது. கோலா செபெத்தாங்கைச் சுற்றியும் பிற இடங்களிலும் இந்தக் காட்டை நம்பி முந்நூற்றுக்கும் மேற்பட்ட கரிச்சூளைகள் இயங்கி வந்திருக்கின்றன. உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது வெளிச்சக் குறைவு. உயரமான அத்தாப்புக் கூரையின் கீழ் செங்கலும் களிமண்ணும் கொண்டு கட்டிய குவிமாடங்கள் வரிசையாக நிற்கின்றன. பின்பக்கம் வாய்க்கால். கடல் ஏறும்போது மரம் ஏற்றிய படகு கொட்டகை வாசல் வரை வந்துவிடும், இறங்கிவிட்டால் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும். மரம் 1.6 மீட்டர் நீளத் துண்டுகளாக வருகிறது. தட்டித் தட்டிப் பட்டையை உரிக்கிறார்கள். உரித்த மரம் சிவந்திருக்கும், கையில் எடுத்தால் இரும்பு போலக் கனக்கும். பாக்காவ் தண்ணீரில் மிதக்காத அளவுக்கு அடர்த்தியான மரம். துண்டுகளைச் சூளைக்குள் படுக்க வைப்பதில்லை. அடியில் மண்கட்டி கொடுத்து, ஒன்றையொன்று ஒட்டி நிமிர்த்தி நிறுத்துகிறார்கள், தரையைத் தொட்டால் அடிப்பகுதி சரியாக வேகாது என்பதால். ஒரு சூளைக்கு ஏறத்தாழ 40 டன் பச்சை மரம் பிடிக்கும்.

வாயில் நெருப்பு மூட்டினாலும் உள்ளே நிற்கும் மரம் எரிவதில்லை, வேகிறது. முதலில் ஈரம் வெண்புகையாக வரும். நாட்கள் போகப் போகப் புகை மெலிந்து, மணம் மாறும். அந்த மணத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் வாயைச் சுருக்குவதா, முழுதாக அடைப்பதா என்று சூளைக்காரர் முடிவெடுக்கிறார். ஆற வைக்கும் நாட்களையும் சேர்த்தால் ஒரு சூளைக்கு ஏறத்தாழ ஒரு மாதம். கடைசியில் உள்ளே போன 40 டன்னுக்குச் சுமார் 10 டன் கரி வெளியே வருகிறது. தட்டினால் கண்ணாடி போல ஒலிக்கிற கரி. பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது.

இனிக் கரிமத்துக்கு வருவோம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். ஒரு துண்டு நிலத்தை மட்டும் பார்த்தால் வரைபடம் ரம்பப் பல் போல இருக்கும். முப்பது ஆண்டு மெல்ல ஏறி, வெட்டிய அன்று விழுந்து, மறுபடி ஏறும். வெட்டிய ஆண்டில் போய் அளப்பவர் இது கரிமத்தை இழக்கும் காடு என்பார். பத்து வயதுக் காட்டை அளப்பவர் அள்ளிக் குவிக்கும் காடு என்பார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் முப்பது துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றில் விழுவதை மற்ற இருபத்தொன்பது ஈடுகட்டுகின்றன. வெட்டுவதற்குத் திறந்த பகுதி முழுக் காட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அதாவது சுமார் 30,000 ஹெக்டேர். அதை முப்பதால் வகுத்தால் ஆண்டுக்கு 1,000 ஹெக்டேர். இந்த அளவைத் தாண்டாதவரை நிற்கும் மரத்தின் கரிம இருப்பு ஏறாமலும் இறங்காமலும் ஒரு மட்டத்தில் நிற்கும். தாண்டினால் மெல்ல இறங்கும், கண்ணுக்குத் தெரியவே பத்து இருபது ஆண்டு ஆகும். நிர்வகிக்கும் காட்டில் ஆபத்து இப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது.

அந்த மட்டம் போதுமா என்பது வேறு கேள்வி. முப்பதில் வெட்டும் காடு சராசரியாக வைத்திருக்கும் மரக் கரிமம், வெட்டாமல் விட்ட முதிர்காட்டைவிடக் குறைவு. இதற்கு மாத்தாங்கிலேயே சாட்சி உண்டு. காட்டின் ஒரு மூலையில் கோடாரி படாமல் விட்ட துண்டு ஒன்று இருக்கிறது. அங்கே 0.16 ஹெக்டேர் அளவுள்ள ஒரு பாத்தியில் 1920 முதல் மரங்களை அளந்து வந்தார்கள். அந்தப் பழைய அளவுகளை 1981 அளவுகளோடு ஒப்பிட்டு பிரான்சிஸ் புட்ஸும் எச். டி. சானும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மரம் ஒரு வயதுக்குப் பின் தேங்கிவிடும் என்ற எண்ணத்துக்கு மாறாக, அந்த முதிய காடு வளர்ந்துகொண்டே இருந்தது. கூடவே அதன் முகமும் மாறிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் பாக்காவ் ஆட்சி செய்த இடத்தில், நிழலைத் தாங்கி வளரும் வேறு அலையாத்தி இனங்கள் மெல்ல மெல்ல ஏறின. அதாவது மாத்தாங்கின் பாக்காவ் காடு பாக்காவாகவே நீடிப்பதற்கு வெட்டும் நடவும் ஒரு காரணம். விட்டுவிட்டால் அது வேறு காடாகிவிடும், இன்னும் அதிகக் கரிமம் கொண்ட, இன்னும் கலப்பான காடாக.

வெளியே போன மரத்தின் கணக்கில்தான் எனக்கு வருத்தம். கரியாகும் மரத்தின் கரிமத்தில் ஒரு பகுதி சூளையிலேயே புகையாகிறது. மீதி ஜப்பானில் ஏதோ ஒரு கடையின் அடுப்பில், ஒரு மாலை வேளையில் தீர்ந்துவிடுகிறது. முப்பது ஆண்டு சேர்த்தது ஓராண்டுக்குள் காற்றுக்குத் திரும்புகிறது. அதே காட்டில் பதினைந்து வயதில் கழித்த கழியோ, அடித்தளத்தில் ஈர மண்ணுக்குள் இறங்கிவிட்டால் பல பத்தாண்டுகள் மட்காமல் கிடக்கும். இரண்டும் ஒரே மரம்தான். சூளைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் கைத்திறன் அரியது, அந்த ஊரின் வாழ்வே அதில் இருக்கிறது. பாக்காவ் கரி எரியாவிட்டால் அந்த அடுப்பில் எரிவாயு எரியும் என்பதும் உண்மை. நிலத்தடியிலிருந்து வரும் அந்தக் கரிமம் எந்த நடவாலும் திரும்பப் பிடிபடாது. ஆனாலும் கழிக்கும் மரவேலைக்கும் போகும் பங்கு கூடினால் காடு அதே அளவு வெட்டுக்கு இன்னும் அதிகக் கரிமத்தைப் பிடித்து வைக்கும்.

சேறுதான் பெருங்கணக்கு. இந்திய, பசிபிக் பெருங்கடல் கரைகளில் 25 அலையாத்திக் காடுகளை அளந்து டேனியல் டொனாட்டோ குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கரிமம் இருந்தது. அதில் பாதி முதல் கிட்டத்தட்ட முழுவதும் வரை மண்ணுக்குள். காரணம் எளியது. கடல் நீர் நிறைந்த சேற்றில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் விழுந்த இலையும் செத்த வேரும் முழுதாக மட்காது. நண்டுகள் இலையை இழுத்து வளைக்குள் பதுக்குகின்றன, ஒவ்வொரு ஏற்றமும் மேலே மெல்லிய வண்டல் போர்த்துகிறது. பாக்காவ் சேற்றில் கால் வைத்தால் எழும் அழுகல் முட்டை நாற்றம், அடியில் காற்றில்லை என்பதற்கான அடையாளம். மரம் முப்பது ஆண்டுக்கு ஒரு முறை போய் வந்தாலும், கடல் நீர் ஏறி இறங்கும்வரை இந்த இருப்பின் பெரும்பகுதி இடத்தை விட்டு நகர்வதில்லை.

நகர்வது எப்போது? தோண்டும்போது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஓங் ஜின் இயோங் 1993இலேயே இதை எழுதினார். இறால் குளத்துக்காக அலையாத்திச் சேற்றை வாரி வெளியே கொட்டினால், நெடுங்காலம் சேர்ந்த கரிமம் காற்றுப்பட்டுச் சில ஆண்டுகளில் போய்விடும் என்றார். அவரும் கோங் ஊய் கூனும் மாத்தாங்கில் மரங்களை வேரோடு தோண்டி எடுத்து, தண்டு, கிளை, தாங்கு வேர், அடிவேர் எனப் பிரித்து எடை போட்டுத் தந்த அளவுகளைக் கொண்டுதான் இன்றும் பல நாடுகளில் பாக்காவ் காட்டின் கரிமத்தை மதிப்பிடுகிறார்கள். சேற்றில் முழங்கால் புதைய நின்று செய்த வேலை அது. கோடாரியைப் பார்த்துப் பதறும் நாம் மண்வாரி இயந்திரத்தைப் பார்த்து அதைவிடப் பல மடங்கு பதற வேண்டும்.

மாத்தாங் முறையை எங்கும் கொண்டுபோய் ஒட்டலாம் என்று நினைப்பவர்களுக்குப் பிச்சாவரம் ஓர் எச்சரிக்கை. சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள அந்தக் காட்டையும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து கூறு கூறாகப் பிரித்து முழுதாக வெட்டினார்கள். மாத்தாங்கில் திரும்ப வளர்ந்த மரம் அங்கே வளரவில்லை. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து சேறு காய்ந்து உள்வாங்கியது, நடுப்பகுதி பள்ளமானது. உள்ளே வந்த கடல் நீர் வெளியேறாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. நாற்று பிழைக்கவில்லை. பேராக்கில் ஆண்டு முழுக்க மழை, கடல் ஏற்றமும் உயரம். பிச்சாவரத்தில் ஏற்றம் குறைவு, நீண்ட கோடை. 1970களில் வெட்டு நின்றபின்னும் பள்ளங்கள் மொட்டையாகவே கிடந்தன. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் போய்வர வழி செய்த பிறகே காடு திரும்பியது. மரம் நடுவதற்கு முன் தண்ணீருக்கு வழி விட்டார்கள்.

நம் கித்தாக் காட்டுக்கும் இந்தப் பேச்சில் இடம் உண்டு. அதுவும் ஒரு சுற்றுக்காடுதான், இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டி மறுநடவு. வெட்டிய மரத்தை ஒரு காலத்தில் அங்கேயே அடுக்கிக் கொளுத்தினார்கள், மிஞ்சியது லயத்து அடுப்புக்கும் புகைவீட்டுக்கும் போனது. 1967இல் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலையின் உலை ரப்பர் மரக் கரியில் எரிந்தது. 1980களிலிருந்து அதே மரம் மேசையும் நாற்காலியுமாகக் கப்பல் ஏறியது. மரத்தின் கரிமத்துக்கு இன்னும் சில பத்தாண்டு ஆயுள் கிடைத்தது. பிறகு கித்தாவே போய்ச் செம்பனை வந்தது. ஐநா உணவு, வேளாண் நிறுவனத்தின் வரையறையில் ரப்பர்த் தோட்டம் காடாகக் கணக்கில் வரும், செம்பனை வராது. தோட்டம் மாறிய அன்று நம் ஊர்கள் காட்டுக் கணக்கிலிருந்தே வெளியேறிவிட்டன. பால்மரத்து நிழலும், அடியில் தழைத்த கீரையும் காளானும் போனதை அந்தக் காட்டில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

முப்பது என்ற எண் எல்லாக் காட்டுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். உள்நாட்டு மலைக்காடுகளில் 1978 முதல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை நடப்பில் இருக்கிறது. அதிலும் சுற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு. மெராந்தி போன்ற பெருமரம் அதற்குள் முதிர்ந்துவிடாது. 1948இல் வந்த பழைய முறை அந்த மரங்களுக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் அவகாசம் கொடுத்தது. சேற்றில் பாக்காவுக்குப் போதுமான காலம் மலையில் போதாது.

மாத்தாங்குக்கு என்ன வேண்டும்? சுற்றை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்தினால் சூளைகள் மூடும், காட்டின் மீது ஊருக்கு இருக்கும் உரிமையுணர்வு போகும், காவலும் தளரும். வருமானம் தராத அலையாத்தி நிலம் இறால் குளமாகவும் தோட்டமாகவும் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத் தென்கிழக்காசியக் கடற்கரை முழுக்கப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு பகுதியின் சுற்றை நாற்பதுக்கு நீட்டலாம். வெட்டாத துண்டுகளின் பரப்பைக் கூட்டலாம். கழிக்குக் கரியைவிட நல்ல விலை கிடைக்கச் செய்யலாம். கரிம வரவு விற்கும் சந்தை கோலாலம்பூரில் 2022 இறுதியிலேயே வந்துவிட்டது. அந்தச் சந்தை புதிதாகச் செய்யும் மாற்றத்துக்குத்தான் காசு கொடுக்கும், நூறு ஆண்டாக ஒழுங்காக வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இது அநியாயம். அதே சமயம் சுற்றை நீட்டுவதற்கான செலவுக்கு அங்கே வழி தேட முடியும்.

அடுத்த பத்தாண்டு வேலைத்திட்டம் 2030இல் தொடங்க வேண்டும், மூன்றாம் சுற்றின் கடைசிப் பத்தாண்டுக்கானது. ஈப்போவில் மாநில வனத்துறை அதை எழுத உட்காரும்போது, எத்தனை டன் மரம், எத்தனை சூளை என்ற பழைய பத்திகளுக்குப் பக்கத்தில் சேற்றின் கரிமத்துக்கும் வெளியே போகும் மரத்தின் ஆயுளுக்கும் ஒரு பத்தி வேண்டும். அந்தத் திட்டம் பேசப்போகும் மரங்கள் இப்போதே நிற்கின்றன. 2035இல் வெட்டு வரும் துண்டு 2005ஐ ஒட்டி வெட்டி விட்ட இடம். அதன் முதல் கழிப்பும் இரண்டாம் கழிப்பும் முடிந்திருக்கும்.